தலைக்குள் ஓடிய மில்

பெற்ற அன்று மாலை மகனின் உச்சந்தலையில் காதை வைத்துப் பார்த்தாள் அவள். உள்ளே ஏதோ விடாமல் இரைந்தது. பஞ்சு மில்லில் அறுந்த நூலை முடிந்தே காலம் தள்ளியவள். இரைச்சல் கேட்டால் வேலை நடக்கிறது, நின்றால் எங்கோ கோளாறு என்று பழகிப்போன காது அது.

"மில்லுக்குன்னே பொறந்திருக்கான்! தலைக்குள்ளயே மெஷின் ஓடுது. அழுகைகூட இல்ல, தங்கக்கம்பி" என்று வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டாள். தலைப்பிள்ளை. எல்லாக் குழந்தைகளின் தலையும் இப்படித்தான் இரையும் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் பால் குடிக்கத் தெம்பில்லாமல் அவனுக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்குள் ஒரு தமனி நேராகச் சிரையில் போய்த் திறந்திருக்கிறது, ரத்தம் மடை திறந்தாற்போல் பாய்கிறது, ஈடுகொடுக்க முடியாமல் இதயம் தவிக்கிறது என்றார் டாக்டரம்மா. அபூர்வமாக வருவதாம். அந்த அபூர்வத்துக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா? இரைச்சலைப் பற்றி அவளும் சொல்லவில்லை. பெருமைப்பட்ட விஷயத்தை நோயோடு சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை விட்டு, அந்தத் திறப்பைப் பசை வைத்து அடைத்தார்கள். அதன் பிறகும் கண்ணாடித் தொட்டிக்குள்தான் கிடந்தான். மூச்சு விட வைக்கத் தொண்டைக்குள் ஒரு குழாய். அழுதால் முகம் கோணும், சத்தம் வராது. பக்கத்துத் தொட்டிக் குழந்தை வீறிட்டால் இவளுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை இவனும் வாய்விட்டு அழமாட்டானா என்று ஏங்கி ஏங்கியே பாதியாகிவிட்டாள். அழவே மாட்டான் என்று பீற்றிய தன் வாயைக் கிள்ளலாம் போலிருந்தது.

குழாயை எடுத்த அன்று சிஸ்டர் அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். ஆசையாக உச்சந்தலையில் காதை வைத்தாள். நிசப்தம்.

"சிஸ்டர்! நின்னுபோச்சு! ஓடி வாங்க, உள்ள ஓடினது நின்னுபோச்சு!"

டாக்டரம்மாவும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது நிக்கணும்னுதானம்மா இவ்வளவு பாடுபட்டோம். அந்த ரத்தம் பாயுற சத்தம்தான் நீ கேட்டது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பொழச்சுக்கிட்டானா?"

"இதயம் தேறிடுச்சு. நடக்கறது, பேசறது எல்லாம் இப்ப சொல்ல முடியாது. சில பிள்ளைங்க நல்லா ஓடியாடுவாங்க, சில பேர் பின்தங்கிடுவாங்க. வலிப்புகூட வரலாம். வளர வளரத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தார். அந்தச் சில்லிப்பில் குழந்தையின் முகம் கோணியது. இந்த முறை சத்தமும் வந்தது, கரகரத்துக் கிழிந்த குரலில். சமாதானப்படுத்த சிஸ்டர் கையை நீட்டினார்.

"விடுங்க சிஸ்டர், அழட்டும். நல்லா அழட்டும்" என்றாள், தானும் அழுதுகொண்டே.

ஒற்றைக் கையால் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் அதே மில்லில் ஃபிட்டர்.

"என்ன ஆச்சு? மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல!"

"அதை விட்டுட்டு வெளிய வாங்க!"

இரைச்சல் மெல்லத் தேய்ந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அவள் போனை மகனின் வாயருகே பிடித்தாள்.

"நிறுத்திடாதடா கண்ணு, அப்பா வெளிய வந்துட்டாரு."