பேரும் சைபரும்

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அங்காளம்மாள் ஊர்ச் சங்கத்துக்குத் தர வேண்டிய கடன் அது. வலைக்கும் மோட்டாருக்கும் புருஷன் வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடன் அவள் பேருக்கு மாறியது. கூடவே ஏரியில் அந்த வீட்டுக்குரிய பாடும் அவள் பேருக்கு வந்தது. பாடு என்றால் முறை. சங்கப் பட்டியலில் பேர் உள்ள வீட்டுக்குத்தான் மீன் படும் இடத்தில் வலை போட நாள் ஒதுக்குவார்கள். மகன் பூபதியின் பிழைப்பே அந்த நாட்களில்தான்.

போன மாதப் புயலில் அவர்கள் படகு இரண்டாகப் பிளந்தது. இப்போது பூபதி மச்சான் படகை இரவல் வாங்கிப் போகிறான். ஊர் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தது: படகு உடைந்தவர்களுக்குக் கடன் முழுக்கத் தள்ளுபடி, மற்றவர்களுக்குப் பாதி.

இன்று காலை சங்கக் கட்டடத்துச் சுவரில் தள்ளுபடிக்குப் பிறகான புதுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஆரம்பாக்கம் மீன் வண்டிக்கு ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, தோள் வலியோடு அவள் நேரே அங்கே போனாள். நாற்பத்தெட்டு வயதில் எழுத்து கற்றவள். வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைத்துத்தான் படிப்பாள். அகர வரிசையில் அவள் பேர் முதலில் வர வேண்டும். இல்லை. கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். இல்லவே இல்லை.

படகு உடைந்த இன்னொரு வீட்டு லோகாம்பாள் பின்னால் வந்து காதோடு சொன்னாள். "எம்பேரும் இல்லன்னு பையன் சொன்னான். கடன் பூட்ச்சின்னு வாய மூடிக்கினு வாடி. கேட்டா மறுபடி எழுதிடப்போறானுங்க."

அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் பேர் இல்லாத வீட்டுக்குப் பாடு எது? உள்ளே போனாள்.

சங்கச் செயலாளர் தாமோதரன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மருமகள் வினோதினி லேப்டாப்பில் இருந்தாள். பைத்தான் என்ற கணினி மொழியில் ஊர்க் கணக்கையெல்லாம் மாற்றியது அவள்தான்.

"எம்பேரு இல்லியே."

"ஒனக்குத்தான் கடனே இல்லியே அங்கா," என்றார் தாமோதரன். "இல்லாத கடனுக்குப் பேரு இன்னாத்துக்கு?"

"கடன் இல்லன்னா நானும் இல்லியா அண்ணே? நாளைக்குப் பாடு பிரிக்கறப்ப இந்தப் பட்டியலத்தான நீட்டுவீங்க?"

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார். ஊரில் அறுபத்து மூன்று வீடு. காகிதத்தில் நாற்பத்தாறு.

வினோதினி பழைய பட்டியலைத் திறந்தாள். அங்காளம்மாள், 11340. கடன் திரும்பி வந்துவிட்டதோ என்று அங்காளம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

வினோதினி தான் எழுதிய கணினி நிரலைத் திறந்து அதில் ஒரே ஒரு வரியைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என் தப்புதான் அத்த. எல்லார் தொகையும் ஒரே வரியில மாத்தினேன். 'இஃப்'ப, அதான் 'இப்படி இருந்தா'ங்கற நிபந்தனைய, அந்த வரியோட கடைசியில போட்டுட்டேன். அங்க போட்டா படகு உடைஞ்சவங்கள பேரோட வெளிய தள்ளிடும்."

"நாங்க இறாலு பிரிக்கறப்போ நசுங்குனத வேற கூடையில போடுவோம். திரும்ப ஏரியில கொட்டமாட்டோம்," என்றாள் அங்காளம்மாள்.

"அதத்தான் இப்ப செய்யறேன். தொகை வர்ற எடத்துலயே வெக்கறேன். படகு உடைஞ்சிருந்தா சைபர், இல்லன்னா பாதி. பேரு எதுவும் போகாது."

"அந்தப் பழைய தொகை?"

"அது போனது போனதுதான்."

வினோதினி திருத்தி அச்சடித்த பட்டியலில் தாமோதரன் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அங்காளம்மாளே புதுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் ஒட்டினாள். முதல் வரி. அங்காளம்மாள். விரல் நகர்ந்து போய்ச் சைபரில் நின்றது. ஐஸ் தண்ணீர் காயாத விரல்; சைபர் கொஞ்சம் கசிந்து பெரிதானது. சட்டென்று விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, தூரத்தில் நின்ற லோகாம்பாளைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு, அவள் பேரைத் தேடி வரி வரியாகக் கீழே இறங்கினாள்.