இரண்டு வரிசைத் தையல்

போலோ என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. போன வாரம் என் பை தைக்கிற கடைக்குக் குதிரை பராமரிப்பவர் ஒருவர் வந்தார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்குகிற பழைய தோல்பட்டை தையல் விட்டிருந்தது. வழக்கமாகத் தைப்பவர் ஊரில் இல்லையாம். தைத்துக் கொடுத்தேன். "இது சரியா இருந்தா லாயத்து வேலை மொத்தமும் இனி உங்களுக்குத்தான்" என்று சொல்லி, ஆட்டம் பார்க்க இரண்டு பாஸும் கொடுத்துவிட்டுப் போனார்.

மைதானத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்தேன். நாலைந்து பள்ளிக்கூட மைதானங்களைச் சேர்த்தாலும் பத்தாது. பக்கத்துக்கு நாலு பேர், எல்லோரும் குதிரை மேல், கையில் நீளமான மட்டை. பந்தோ ஆரஞ்சுப்பழம் அளவுதான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சின்னதை அடிப்பானேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஐந்தே நிமிடத்தில் அவருக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது.

"பந்து போற பாதைதான் ரோடு. அதுல வர்றவனுக்குக் குறுக்கே போனா தப்பு. பாரு, இப்ப விசில் அடிப்பான்."

அடித்தார்கள். அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆனால் ஒரு கோல் விழுந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொண்டதில், எதிரணிக்குக் கைதட்டி அசடு வழிந்தார்.

என் கண்ணெல்லாம் நீலச்சட்டை மூன்றாம் எண்காரர் மேல்தான். என் பட்டை அவருடைய குதிரைக்கு என்று பராமரிப்பவர் சொல்லியிருந்தார். ஓடுகிற குதிரையிலிருந்து அவர் பக்கவாட்டில் சாயும்போதெல்லாம், பட்டை தாங்க வேண்டுமே என்று வீட்டுக்காரரின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

இடைவேளையில் பார்க்க வந்தவர்களை எல்லாம் மைதானத்துக்குள் கூப்பிட்டார்கள். குளம்பு பட்டுப் பெயர்ந்த புல்கட்டிகளை மிதித்து அமுக்க வேண்டுமாம். பாஸையும் கொடுத்து வேலையும் வாங்குகிறார்களே என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் ஆசையாக மிதிக்கப் போனார். நான் குதிரைகள் நின்ற ஓரத்துக்குப் போனேன்.

"உங்க பட்டை இன்னும் மைதானத்துல இறங்கலைம்மா" என்றார் பராமரிப்பவர். "ஏழு நிமிஷத்துக்கு ஒரு குதிரை மாத்துவாங்க. இது கடைசிக் குதிரைக்கு."

இவ்வளவு நேரமும் வேறு யாரோ தைத்த பட்டைக்காகத்தான் நான் பயந்திருக்கிறேன்.

அவர் பட்டையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு வரிசை போட்டிருக்கீங்களே. எங்க ஆளு ஒண்ணோட நிறுத்திடுவார், சோம்பேறி."

எனக்குச் சுருக்கென்றது. அது சோம்பேறித்தனமில்லை. பைக்குப் புதுத்தோல், எத்தனை வரிசையும் தாங்கும். பழைய தோலில் நெருக்கி ஓட்டை போட்டால், தினசரிக் காலண்டர் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். பை தைக்கிற பழக்கத்தில் கை தானாக இரண்டாவது வரிசையைப் போட்டிருக்கிறது.

"அண்ணே, அதைப் போடாதீங்க. தப்பாத் தைச்சுட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து வேறு பட்டையை எடுத்துக்கொண்டு, என்னுடையதை என்னிடமே கொடுத்தார். லாயத்து வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இடத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். "உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "பட்டை கல்லு மாதிரி இருக்கு. வந்த வேலையை நீயே கெடுத்துக்கிட்டியே."

எனக்கும் ஒருவேளை தாங்கியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசி ஏழு நிமிடத்துக்கு மூன்றாம் எண்காரர் புதுக் குதிரையில் வந்தார். பந்து தூரத்தில் கிடந்தது. அவர் முக்கால் உடம்பும் வெளியே தொங்கச் சாய்ந்தார்.

"இந்த முனையைப் பிடிங்க" என்று பட்டையை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். மறுமுனையை நான் பிடித்தேன். இழுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தியா?" என்றார்.

"பலமா இழுங்க."

இந்த முறை காலை ஊன்றி இழுத்தார். ஓட்டை வரிசையோடு பட்டை இரண்டாகப் பிளந்து, நான் பின்வரிசைக்காரர் காலில் போய் விழுந்தேன். அதே நேரத்தில் நீலச்சட்டைக்குக் கோல். சுற்றிலும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

வீட்டுக்காரர் கைதட்டவில்லை. கையிலிருந்த பாதிப் பட்டையைப் பார்த்தார், தூரத்தில் பாய்ந்துகொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியதும் நான் கிளம்பினேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரு. அந்த மூணாம் நம்பர்காரர் பத்திரமா குதிரையை விட்டு இறங்கட்டும். அப்புறம் போவோம்."