துணை இயக்குநரின் சகாப்தம்

ஓய்வுபெற்ற துணை இயக்குநரான மாமனார் பதினோரு வருடமாக எழுதிவந்த ‘என் சகாப்தம்’ என்கிற சுயசரிதை அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தது. கம்ப்யூட்டரோ இரண்டு நாளாக, பட்டனை அழுத்தினால் மூன்று முறை கீச்சிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

“இது போனா உலகத்துக்கே இழப்பு மாப்ள, எப்படியாவது காப்பாத்துங்க” என்று மூக்கை உறிஞ்சிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றி, நினைவகப் பட்டையான ரேமை உருவி, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகிப் பட்டனை அழுத்தினார். திரைக்கு உயிர் வந்தது.

மரியாதைக்கு ஒரு பக்கமாவது படிப்போமே என்று சுயசரிதையைத் திறந்தார். ‘என் மருமகன்’ என்ற அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘பழுதுபார்க்கத் தெரியும்; மற்றபடி தண்டம்.’

மாப்பிள்ளை நிதானமாக அந்தக் கோப்பை அடியோடு அழித்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

“கம்ப்யூட்டர் பிழைச்சிருச்சு மாமா. உங்க சகாப்தம்தான் பிழைக்கல.”

ஓடிவந்த மாமனார் நாற்காலியில் சரிந்தார். “பதினோரு வருஷம் மாப்ள! ஒரு பக்கம்கூட மிஞ்சலையா?”

“மறுபடி எழுதுங்க மாமா” என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார் மாப்பிள்ளை. “இந்தத் தடவை கொஞ்சம் பாத்து எழுதுங்க.”