பெயர் மட்டும் இருந்த பதினெட்டு ரிப்போர்ட்டுகள்

கன்னிகா அழவில்லை. அதனாலேயே அன்றைக்கு அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாங்கூழ் ஃபேக்டரியின் லேபில், முதலாளி வேங்கடாசலம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தார். அவளோ கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நாப்பத்தொண்ணுல இருந்து அம்பத்தெட்டு வரைக்கும் பதினெட்டு லாட் கூழும் டெஸ்ட் பண்ணேன் சார். வெள்ளி, சனி, ஞாயிறு. ரிப்போர்ட்டெல்லாம் அன்னன்னிக்கே சர்வர்ல ஏத்திட்டேன்."

"ஏத்தினா எங்க போச்சு? லிஸ்டுல பேர் இருக்குது, தொறந்தா ஒண்ணும் இல்ல. வெறும் பேரைப் போட்டு ஏமாத்திக்கினு இருக்கிறியா?"

நான் வாசலில் பையை இறக்கி வைத்தேன். என் பெயர் பிரமிளா. சித்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் லினக்ஸ் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தற்பெருமை இல்லை, வேறு ஆள் இல்லை. அந்த சர்வரும் நான் போட்டுக் கொடுத்ததுதான். தன் ஃபேக்டரி விஷயம் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் போய் உட்காரக் கூடாது என்று வேங்கடாசலம் பிடிவாதமாகச் சொன்னார். நெட்டும் அங்கே நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் ஆபீஸ் ரூமிலேயே ஒரு பெட்டி, அதில் லினக்ஸ், அதன் மேல் கோப்புகளைச் சேமித்து எல்லோருக்கும் காட்டும் ஒரு மென்பொருள், பக்கத்தில் வெளியே சொருகிய ஒரு டிஸ்க், பார்க்கக் கையடக்கம், கொள்ளளவில் பெரியது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இன்றைக்கு நாலு மணிக்குக் கூழ் வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வருகிறார். ரிப்போர்ட் இல்லாத டிரம்மை அவர் தொடக்கூட மாட்டார். சீல் வைத்த டிரம்மைத் திறந்து மறுபடி டெஸ்ட் பண்ணவும் முடியாது, திறந்தால் கூழ் கெட்டுவிடும். வெளியே டிரம் ஏற்றிக்கொண்டிருக்கும் லாரி கிளம்பாமல் நின்றுவிடுமே என்பது முதலாளியின் கவலை. என் கவலை அந்தப் பெண். பொய் ரிப்போர்ட் போட்டவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த ஜில்லாவில் எந்த ஃபேக்டரியும் அவளை லேபுக்குள் விடாது.

வேங்கடாசலம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "காணிப்பாக்கம் வந்து பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுவியா?"

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. கன்னிகா கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே வண்டி எடுங்க சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பிள்ளையாரை இதுல இழுக்காதீங்க சார். ரெண்டு மணி நேரம் குடுங்க. அவ எழுதினாளா இல்லையான்னு மிஷினே சொல்லும்."

ஆபீஸ் ரூமுக்குப் போனேன். சர்வரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு. சீசன் தொடங்கினால் எல்லா மிஷினுக்கும் பூஜை உண்டு, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை.

முதலில் மென்பொருளின் பதிவேட்டைப் பார்த்தேன். பதினெட்டுப் பெயரும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரமும் அளவும் இருந்தன. வெறும் பெயருக்கு அளவு வராது. ஆக, பெண் பொய் சொல்லவில்லை, ஃபைல் வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய டிஸ்க்கில் தேடினால் மட்டும் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் சின்ன டிஸ்க்கை அளந்தேன். கண்ணுக்குத் தெரிகிற ஃபைலையெல்லாம் கூட்டினால் முப்பது ஜிபி. டிஸ்க்கோ நாற்பத்தொன்று நிரம்பியிருக்கிறது என்றது. பதினோரு ஜிபி எங்கேயோ ஒளிந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. மிஷின் எப்போது ஆன் ஆனது, எப்போது ஆஃப் ஆனது என்று அதுவே எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். வெள்ளி காலை பத்து நாற்பதுக்கு ஆன் ஆகியிருக்கிறது, பெரிய டிஸ்க் இல்லாமல். திங்கள் காலை எட்டு பத்துக்கு மறுபடி ஆன் ஆகியிருக்கிறது, டிஸ்க்கோடு.

"வெள்ளிக்கிழமை டிஸ்க்கை யாரு கழட்டினது?" என்று ஒரு சத்தம் போட்டேன்.

மேனேஜர் நாகபூஷணம் மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். "நேனே மேடம். காணிப்பாக்கம் தீஸ்கெள்ளானு." தான்தான் காணிப்பாக்கத்துக்குக் கொண்டுபோனதாகத் தெலுங்கில் சொன்னார்.

"டிஸ்க்கை எதுக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனீங்க?"

"புது வண்டி வாங்கினா பூஜைக்குக் கொண்டுபோறோம் கதா? நம்ம ஃபேக்டரி உயிரே அந்த டிஸ்க்குலதான் இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஸ்வாமி பாதத்துல வெச்சி அர்ச்சனை பண்ணேன். அப்படியே மாமியார் ஊருக்குப் போயிட்டு மண்டே கொண்டாந்து சொருகிட்டேன். சர்வர் ஆன் பண்ணித்தான் போனேன், வேலை நிக்கலையே. தப்பேமி மேடம்?"

எனக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. மனுஷர் பக்தியோடு டிஸ்க்கை டிபன் பையில் வைத்துப் பைக்கில் கொண்டுபோயிருக்கிறார். ஆனால் அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. தப்பின் வேர் என்னிடம் இருந்தது.

வேங்கடாசலத்தை உட்கார வைத்துச் சொன்னேன். "ஆரம்பத்துல சோதனைக்காக சின்ன டிஸ்க்குலதான் ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தேன். அப்புறம் பெரிய டிஸ்க்கை அதே ஃபோல்டர் மேல பொருத்தினேன். நோட்டு மேல தட்டு வெச்ச மாதிரி. தட்டு ஊருக்குப் போன மூணு நாளும் எல்லாம் நோட்டுல எழுதிக்கினே போயிருக்குது. திங்கக்கிழமை தட்டு வந்து மூடிக்கிச்சு. அந்த ஃபோல்டருக்குள்ள இருந்த பழைய சோதனை ஃபைலை அன்னிக்கே நான் அழிச்சிருந்தா, டிஸ்க்கு காணோம்னு மென்பொருள் வெள்ளிக்கிழமையே கத்தியிருக்கும். அழிக்காம விட்டது நான். தப்பு என்னுது, இந்தப் பொண்ணுது இல்ல."

சொல்லும்போது காது சூடாகியது. எட்டு மாதமாக என் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் நான்.

"மொதல்ல ஃபைலைக் காட்டுங்க," என்றார் அவர்.

மென்பொருளை நிறுத்தினேன். பெரிய டிஸ்க்கை அந்த ஃபோல்டரிலிருந்து பிரித்தேன். அடியில் எல்லாம் இருந்தது, பதினெட்டு ரிப்போர்ட்டும் டிரம் சீலின் போட்டோக்களும். தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்க்கைத் திரும்பப் பொருத்தி, எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினேன். மென்பொருளை ஓட்டினேன். மணி மூன்றரை.

கன்னிகா முதல் ரிப்போர்ட்டைத் தொட்டாள். திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று வந்தது. வேங்கடாசலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அக்கா?" என்றாள் கன்னிகா. அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் நடுங்கியது.

"பயப்படாத. ஃபைலை மாத்தினது நான், அதனால என் பேர்ல நிக்குது. மென்பொருள் பேருக்கு மாத்தினா தொறக்கும்." ஒரே ஒரு வரி அடித்தேன். "இப்ப தொடு."

திறந்தது. லாட் நாற்பத்தொன்று. தேதி, நேரம், இனிப்பு, புளிப்பு, அடியில் கன்னிகாவின் பெயர். நாகபூஷணம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேங்கடாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பத்திரண்டு பாஸ். நாற்பத்து மூன்று பாஸ். ஒவ்வொரு பாஸுக்கும் அவர் முகத்தின் கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாற்பத்தாறில் விரல் நின்றது. சிவப்பு எழுத்தில் இருந்தது: "புளிப்பு அளவு சரியில்லை. நிறுத்தி வைக்கவும். அனுப்பக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே லாரியில் முக்கால்வாசி டிரம் ஏறியிருந்தது.

"ஏம்மா," என்றார் அவர். "நாப்பத்தாறு சரியில்லன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"திங்கக்கிழமையில இருந்து சொல்லிக்கினுதான் இருக்கிறேன் சார். ரிப்போர்ட் இல்லாம வாயைத் தொறக்காதன்னு நீங்கதான் சொன்னீங்க."

லேப் ஆட்கள், ஆபீஸ் ஆட்கள், ஏற்றுக்கூலிக்காரர் இருவர் என்று கதவருகில் ஒரு கூட்டமே நின்றிருந்தது. வேங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் பேசினது தப்பும்மா," என்றார். பிறகு வெளியே பார்த்து, "ஏத்துறதை நிறுத்துங்கடா!" என்று கத்தினார்.

"நாப்பத்தாறு டிரம் எது எதுன்னு நீயே வந்து காட்டு," என்றார் அவளிடம்.

கன்னிகா செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.