கதவு வரைக்கும்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது செம்பியன்தான். லேப்டாப்புக்கு சார்ஜ் போட அந்த மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் வேறு பிளக் பாயிண்ட் இல்லை. பெட்டியின் உறுமல் நின்றதும், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொன்மணி அத்தை பாதி வரியில் நிறுத்தினாள். கண்ணாடிக்குள் இருந்த அப்பா தணிகாசலம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் மகனின் கோளாறுகளை அவர் இப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

"டேய், அவரு கரண்ட புடுங்கி இன்னாடா பண்ற?" என்றாள் அத்தை.

மடியில் லேப்டாப்பைப் பார்த்ததும் கூடமே ஒரு முடிவுக்கு வந்தது: அப்பன் செத்துக் கிடக்கிறான், இவன் கேம் ஆடுகிறான். மறுக்கவும் வழியில்லை. கேம்தான். கல்லூரிக் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அவனே செய்தது. மற்றப் பையன்கள் செய்த கேம்களில் ஆளைச் சுடலாம். இவனுடையதில் நடக்க மட்டும்தான் முடியும். அடையாற்றங்கரையில் அரசாங்கம் இடித்துத் தள்ளிய அவர்கள் தெருவை ஞாபகத்திலிருந்து கட்டியிருந்தான். தெருவில் நடந்து, நீலக் கதவைத் திறந்து பழைய வீட்டுக்குள் போனால், தொடுகிற சாமான் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். இப்போதைக்கு வெறும் மாதிரி வடிவம்தான். செய்தவனைப் போலவே பாதி நேரம் வேலை செய்யும்.

போன வாரம் அப்பாவை உட்கார வைத்து ஆடச் சொன்னான். தி.நகர் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டியவர். பட்டனை அமுக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றை விரலால் குழாயடியைத் தாண்டினார், கறிக்கடையைத் தாண்டினார், நீலக் கதவுக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு எழுந்து சாப்பிடப் போய்விட்டார். மறுநாளும் அதே கதை. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான், வகுப்பில் ஒருத்தி ஆடும்போது, வருகிற வழியைப் பொறுத்து அந்தக் கதவு சில சமயம் திறக்காது என்பது தெரிந்தது. அப்பாவுக்கும் திறக்காமல் போயிருந்தால்? இரண்டு சாயங்காலம் மனுஷன் தன் வீட்டு வாசலிலேயே, மகன் செய்த தப்பால், கேட்கக் கூச்சப்பட்டு நின்றிருப்பார். அவரை எடுப்பதற்குள் இது தெரிந்தாக வேண்டும் செம்பியனுக்கு.

பக்கத்துப் போர்ஷன் ஹாஜிரா பீ ஜன்னல் வழியாக ஒயர் நீட்டினார். பெட்டி மறுபடி உறுமியது; அத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். செம்பியன் சமையலறை மூலையில் குந்தி, அப்பா போன வழியிலேயே ஒற்றை விரலால் போனான். குழாயடி. கறிக்கடை. கதவு. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

திறந்தது. வெளியே வந்து மறுபடி போனான். எத்தனை தடவை போனாலும் சமர்த்தாகத் திறந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்படியென்றால், அவர் வேண்டாமென்றுதான் நின்றிருக்கிறார்.

அப்பா ஏன் உள்ளே போகவில்லை என்று, வாசலில் பந்தல்காரரோடு நின்ற நண்பன் மதிவாணனைக் கேட்டான். அதெல்லாம் இப்ப எதுக்கு மச்சி என்று மதிவாணன் தோளைத் தட்டினான். அத்தையைக் கேட்டான், அவருக்குக் கம்ப்யூட்டரே ஆகாது என்றாள். தண்ணீர் மொள்ள உள்ளே வந்த அம்மா முத்தம்மாவை, காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ, கேட்டான்.

"நம்ம வூட்ட நான் தப்பா கட்டிட்டனாம்மா? நைனா ஏன் உள்ள போவல?"

இதுவரை இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில், டீ குடிச்சியா என்பதுதான். இப்போது சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் திறந்திருந்த நீலக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தப்புலாம் இல்லடா. கதவுல ஆணி மொதக்கொண்டு அப்பிடியே கீதுன்னாரு. இடிக்க வந்த அன்னிக்கு உன்னையும் என்னையும் கையப் புடிச்சி வெளிய இட்டாந்தது அவருதான? 'உள்ள போய்ட்டன்னா, மறுபடியும் நாந்தான முத்தம்மா எல்லாரையும் வெளிய கூட்டினு வரணும்'னாரு. அதான் போவல."