ஜெபத்தில் கண் திறந்திருப்பவள்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் ஆண்டு விழாவுக்குச் சரித்திரம் எழுதித் தரச் சொன்னார் மேய்ப்பர் எமிலியான். வரும் ஞாயிறு அதை நானே சபை நடுவில் நின்று வாசிக்க வேண்டும். வாசித்ததும் ஜெபம், பிறகு திருவிருந்து. உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. கதை என்று பெயர் வைத்தாலாவது நகருமா என்று பார்க்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது ஒருவர் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டு ரோட்டைப் பார்த்திருப்பார். சோவியத் காலம் போய் எவ்வளவோ ஆகிவிட்டது. மால்டோவாவில் இன்று தொண்டை கிழியப் பாடினாலும் கேட்பாரில்லை. ஆனாலும் அந்த நாற்காலியை எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

(கேட்டால், "சும்மா கெடக்கட்டுமே" என்பார்கள். சும்மாவாம்.)

2

முதல் தொடக்கம்: "அது இலையுதிர்காலம். முற்றத்துத் திராட்சைக் கொடியில்—"

வேண்டாம். நான் திராட்சைக் கொடியைப் பற்றி எழுதினால் எதற்கோ பயந்து ஒளிகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாம் தொடக்கம்: "அகாஃபியா என்று ஒரு தையல்காரி இருந்தாள்."

இது பரவாயில்லை. சபை கூடக் கூடாது என்று தடை இருந்த காலம். அகாஃபியாவின் முன்னறையில்தான் கூடினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தையல் மெஷினை மிதிப்பாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மற்றவர்கள் மெல்லப் பாடுவார்கள். மெஷின் ஓடினால் ரோடு காலி. நின்றால் யாரோ வருகிறார்கள். வேதாகமங்கள் மாவு மூட்டைக்குள் போய்விடும். ஜெப நேரத்திலும் அவள் மட்டும் கண்ணை மூடக் கூடாது.

ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு போலீஸ் வந்து நின்றது. அப்போதைய மேய்ப்பர் இலாரியோனைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை.

மெஷின் நிற்கவில்லை. அப்படியானால் அவர்கள் ரோட்டு வழியாக வரவில்லை, பின்பக்கத் தோட்டத்து வழியாக வந்திருக்கிறார்கள். அந்த வழியை யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டது சபை.

3

அன்று வராதவர் ஒருவர்தான், திமோஃபெய். டவுனில் பல் பிடுங்கப் போயிருந்தார். வாயைத் திறந்து பள்ளத்தைக் காட்டினாராம். "பல்ல என்னைக்கு வேணாலும் புடுங்கலாம்" என்றார்களாம்.

யாரும் அவரை விலக்கவில்லை. தீர்மானம் போடவில்லை. திருவிருந்தில் எல்லாரும் குடிக்கும் திராட்சரசக் கிண்ணம் கைமாறி வரும்போது அவரை மட்டும் தாண்டிப் போனது. அவ்வளவுதான். சாகும்வரை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், சாகும்வரை தாண்டிப் போனது.

அவர் மகள் வெரோனிகா இப்போதும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறாள். நான் சரித்திரம் எழுதுவது தெரிந்து வந்தாள்.

"கிண்ணத்த எனக்கும் குடுக்குறாங்க, இல்லேங்கல. ஆனா நான் குடிச்சதும் ரெண்டு தடவ தொடைக்கிறாங்க தபித்தா. உனக்கு ஒரு தடவ. நான் பாக்கலேன்னு நெனப்பு."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"ஒரே ஒரு வரி எழுது. எங்கப்பா காட்டிக்கொடுக்கலேன்னு. மிச்சத்துல நீ ஆயிரம் புளுகு, நான் கேக்க மாட்டேன்."

4

அகாஃபியாவை என்னால் நம்ப முடியவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். மூன்று முறை திருத்தினேன். ஒன்றில் அவள் வீராங்கனை. ஒன்றில் செவிடு. ஒன்றில்—

போதும். அகாஃபியா என் அம்மா. எங்கள் வீடுதான் அந்த வீடு.

வெரோனிகா போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல். நாலு நாளா இறங்கல. இலாரியோன் ஐயா உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. அத்தன பேரும் சேந்து 'தபித்தா, தபித்தா'ன்னு அழுறாங்க. பெத்தவ எவளுக்குடி கண்ணு தொறந்திருக்கும்?"

"மெஷின் ஓடிச்சேம்மா."

"கால் அதுபாட்டுக்கு ஓடிச்சு. அதுக்குக் கண்ணு எதுக்கு?"

"அப்புறம் கேட்டாங்கல்ல?"

"ரோடு காலியா இருந்துச்சுன்னேன். நான் கடைசியாப் பாத்தப்ப காலியாத்தான் இருந்துச்சு."

(அன்றிலிருந்து அம்மா எந்த ஜெபத்திலும் கண் மூடியதில்லை. பெரிய பக்தி என்று சபை மெச்சியது. முழங்கால் முடங்கும்வரை ஜன்னல் நாற்காலி அவளுக்குத்தான்.)

என் காய்ச்சல் இறங்கியது. இலாரியோன் போனார். திமோஃபெய்யைக் கிண்ணம் தாண்டியது. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டேன்.

5

எமிலியானிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"செத்தவருக்கு நியாயம் வாங்கித் தரேன்னு உசிரோட இருக்குற அம்மாவ மாட்டிவிடப் போறீங்களா சிஸ்டர்? நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியும்ல?"

"நீங்கதான மேய்ப்பர். நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"திட்டுனா அதட்டி நிறுத்தலாம். இவங்க திட்ட மாட்டாங்க. கிண்ணம் தாண்டிப் போயிரும். அதுக்கு நான் யாரப் புடிச்சுக் கேக்குறது?"

என் பயமும் அதுதான். போலீஸ் வந்துவிட்டுப் போய்விடும். இவர்கள் போக மாட்டார்கள். ஞாயிறுதோறும் சிரித்த முகமாகப் பக்கத்தில் உட்காருவார்கள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அம்மா காலமான பிறகு வாசிப்பது. அதுவரை வெரோனிகாவுக்கு இரண்டு தடவை துடைப்பார்கள். வேண்டாம்.

(ஆ) "யாரோ ஒருவர் கண்ணயர்ந்தார்" என்று பூசி மெழுகுவது. புதிதாக இன்னொரு திமோஃபெய்யைத் தேடுவார்கள்.

(இ) அம்மா எழுந்து நின்று தானே சொல்வது, எல்லாரும் அழுது கட்டிப்பிடிப்பது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அடித்த வரிகளையும் சேர்த்துத்தான். உடைத்த வால்நட் ஓடுகளில் பருப்பு மிச்சமிருக்கிறதா என்று துழாவினாள்.

"வாசி" என்றாள். "என்னைக் கடைசி பெஞ்சுல கொண்டுபோய் உக்கார வை. வெரோனிகாவுக்குப் பக்கத்துல."

"அம்மா, கிண்ணம் அவ கையிலருந்துதான் உனக்கு வரணும்."

"தெரியும்டி." கையிலிருந்த ஓட்டைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "நீ வாசிச்சு முடிச்சு ஜெபம் பண்றப்ப, ஒரு தடவ நான் கண்ண மூடிக்கட்டுமா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது பாருங்கள், ஒரு சிக்கல். இந்த ஞாயிறு ஜன்னல் நாற்காலியில் என் முறை. நானோ காகிதத்தோடு முன்னால் நிற்பேன். வாசித்து முடித்த பிறகும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்க எனக்குத் தெம்பிருக்காது. என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் வந்து உட்காருங்கள். அம்மாவின் பழைய தையல் மெஷின் அந்த நாற்காலிக்கு முன்னால்தான் இருக்கிறது, மிதியில் மட்டும் கால் வைக்காதீர்கள். ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லை, அங்கே யாரும் வரப்போவதில்லை. உள்ளே பாருங்கள். முன் பெஞ்சிலிருந்து கிண்ணம் கிளம்பும். கடைசி பெஞ்சுக்கு வரும். வெரோனிகா குடிப்பாள். என் அம்மா ஜெபத்தில் மூடிய கண்ணைத் திறக்காமலே கையை நீட்டியிருப்பாள்.

வெரோனிகாவின் கையைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.