பொய்த் தேடல்கள்

மூன்றாம் மாதத்தில் கரு கலைந்ததை மனோரஞ்சிதம் கணவன் சுலக்ஷனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. விடுப்பு முடிந்து சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்பினாள். கைப்பேசிக்குத்தான் எதுவும் தெரியவில்லை. எதைத் திறந்தாலும் தொட்டில், பால்புட்டி, தள்ளுவண்டி. வேண்டாம் என்று அழுத்தினால் வேறொரு கடை வந்து நின்றது. "வாழ்த்துகள்! உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழ அளவு" என்று ஒரு செயலி சொன்னபோது அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்து மேசை மைமூன் வந்து தட்டினாள். மனோரஞ்சிதம் கைப்பேசியை நீட்டினாள். திரையைப் பார்த்ததும் மைமூனுக்குப் புரிந்துவிட்டது.

"சாயங்காலம் ஃபேரர் பார்க் வர்றே. என்கூட சாப்பிடுறே."

பிரியாணிக் கடையில் மனோரஞ்சிதம் சொன்னாள்: "எல்லா ஹிஸ்டரியும் அழிச்சுட்டேன். இன்னும் போகல."

"அழிச்சா போகாது லா. நீ யாருன்னு விளம்பரக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. நாம கொழப்பிவிடுவோம்."

மைமூன் அவள் கைப்பேசியை வாங்கித் தேட ஆரம்பித்தாள். ஒட்டகச் சேணம். பல்செட் பசை. படகு இன்ஜின்.

"உனக்கு ஜென்மத்துக்கும் தேவைப்படாதது எது, சொல்லு?"

மனோரஞ்சிதம் யோசித்தாள். "பாக்ஸிங் கிளவுஸ்."

"போடு!"

தானாகவே கண்டதையும் தேடி, வரும் விளம்பரங்களையெல்லாம் அழுத்தும் சிறு நிரல் ஒன்றையும் மைமூன் நிறுவிக் கொடுத்தாள். "நீ சும்மா இருந்தாலும் இது பொய் சொல்லிக்கிட்டே இருக்கும்."

தொட்டில்கள் உடனே ஒழியவில்லை. தேநீர் இடைவேளைதோறும் மைமூன் கைப்பேசியை வாங்கி, தேர்வு எழுதுபவளைப் போன்ற கவனத்தோடு புதுப்புதுப் பொய்களைச் சேர்த்தாள். "இன்னைக்கு நீ ரிட்டயர் ஆன மீனவர், சரியா?" ஒருநாள்கூட அவளுக்கு அலுக்கவில்லை. அவள் ஆறுதல் சொல்லியிருந்தால் மனோரஞ்சிதம் விலகிப் போயிருப்பாள்.

ஒரு மாலை, வீடு திரும்ப செம்பவாங் போகும் ரயிலில் மனோரஞ்சிதம் கைப்பேசியைத் திறந்தாள். உங்கள் நரைத்த தாடிக்கு ஏற்ற எண்ணெய் இதுதான் என்றது விளம்பரம். கீழே தள்ளிப் பார்த்தாள். முழங்கால் பட்டை, தூண்டில், பாக்ஸிங் கிளவுஸ். தொட்டில் ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டில் சுலக்ஷனிடம் காட்டினாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது. குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைப் பற்றி அன்றுதான் இருவரும் பேசினார்கள்.

மறுநாள் தேநீர் வேளையில் அந்தப் பெயரை மைமூனிடமும் சொன்னாள். மைமூன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அழகான பேரு, ரஞ்சி" என்றாள்.